பிறர் மழையைக் குடிக்கும் நகரங்கள்

சிலி நாட்டின் வடகோடியில், பெரு எல்லையை ஒட்டி, அரிக்கா என்றொரு துறைமுக நகரம் இருக்கிறது. அங்கே ஆண்டுக்குப் பெய்யும் சராசரி மழை 0.76 மில்லிமீட்டர். உலக வானிலை அமைப்பின் பதிவேட்டில் மிகக் குறைந்த ஆண்டுச் சராசரி என்று இடம்பெற்றிருப்பது இந்த ஊர்தான். 1903 அக்டோபரிலிருந்து 1918 ஜனவரி வரை, 173 மாதங்கள், அங்கே மழையே பதிவாகவில்லை. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். அந்தக் கணக்குப்படி, அரிக்காவில் நூறு சதுர மீட்டர் மொட்டைமாடி வைத்திருப்பவர், ஆண்டு முழுவதும் ஒரு சொட்டும் சிந்தாமல் பிடித்துவைத்தாலும் 76 லிட்டர்தான் தேறும். ஒரே ஓர் ஆள் குடிப்பதற்குக்கூட அது ஒரு மாதத்துக்கு மேல் அதிகம் தாங்காது.

ஆனாலும் அங்கே இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்கிறார்கள். பக்கத்தில் அசாப்பா பள்ளத்தாக்கில் ஆலிவ் தோப்புகள் செழித்துக் கிடக்கின்றன. இவையெல்லாம் உயிரோடு இருப்பது ஆண்டிஸ் மலைமேல் பெய்யும் மழையாலும் உறைபனியாலும். மேலே பெய்வது ஆறாகவும் நிலத்தடி நீராகவும் இறங்கி வந்து கீழே இருக்கும் ஊரைக் காப்பாற்றுகிறது.

'உலகின் மிக வறண்ட பத்து நகரங்கள்' என்ற மாதிரிப் பட்டியல்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஏமாற்றமாக இருக்கும். மில்லிமீட்டர் கணக்கைச் சொல்லி, 'அம்மாடி' என்று வியக்க வைத்துவிட்டு முடித்துக்கொள்வார்கள். உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி அங்கிருந்துதான் தொடங்குகிறது. இவ்வளவு பேர் குடிக்கிறார்களே, அது எங்கே பெய்த மழை? எப்போது பெய்த மழை? வறண்ட நகரம் எதை எடுத்துக்கொண்டாலும் இந்த இரண்டில் ஒன்றுக்கு விடை சொல்லியாக வேண்டும். கடல்நீரைச் சுத்திகரித்துக் குடிக்கும் புதிய நகரங்கள் மட்டும் இதிலிருந்து ஓரளவு தப்பித்துக்கொள்கின்றன. ஆனால் அவை வானத்துக்குப் பதிலாக மின்சாரத்திடம் கையேந்தி நிற்கின்றன. ரியாத் நகரம் கடலிலிருந்து பல நூறு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. பாரசீக வளைகுடாக் கரையில் உப்பு நீக்கிய நீரைக் குழாயில் ஏற்றி, 600 மீட்டர் உயரத்திலுள்ள அந்த நகரத்துக்குத் தள்ளிக் கொண்டுபோகிறார்கள். ஒரு நாள் பம்பு நின்றால் என்ன ஆகும் என்று யோசித்தாலே எனக்குப் பதறுகிறது.

மழை ஏன் சில இடங்களை இப்படி ஒதுக்குகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நிலநடுக்கோட்டருகே சூடாகி மேலெழும் காற்று, தன் ஈரத்தையெல்லாம் அங்கேயே கொட்டிவிட்டு, வடக்கிலும் தெற்கிலும் ஏறக்குறைய முப்பது பாகை அட்சரேகையில் உலர்ந்த காற்றாக இறங்குகிறது. இறங்கும் காற்றில் மேகம் திரளாது. சகாராவும் அரேபியப் பாலைவனமும் அதன் கீழே கிடக்கின்றன. மலைத்தொடர் வழிமறிக்கும் இடங்களில் மறுபக்கம் மழைமறைவாகிறது. இமயத்துக்கு அப்பால் லடாக்கில் இருக்கும் லே நகரம் அப்படிப்பட்டது. சீனாவின் துர்பான் போலக் கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கும் ஊர்களுக்கு ஈரம் வந்து சேர்வதே இல்லை. மிக விசித்திரமானது நான்காவது வகை. பெரு, சிலி, நமீபியா கரையோரங்களில் குளிர்ந்த கடல் நீரோட்டம் காற்றின் அடிப்பகுதியைக் குளிரவைத்து, அதை மேலே எழவிடாமல் அமுக்கி வைக்கிறது. கடல் கண்ணெதிரே இருக்கும். காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். பனிமூட்டம் தெருவெல்லாம் படர்ந்திருக்கும். மழை மட்டும் வராது. அரிக்காவில் இந்தக் காரணங்களில் மூன்று ஒன்றாகச் சேர்ந்துகொள்கின்றன.

எகிப்து இந்தக் கேள்விக்கு மிகப் பழைய விடை. அஸ்வானில் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் மழை. இரண்டு கோடிக்கு மேற்பட்டவர்கள் வாழும் கெய்ரோ பெருநகரத்தில் சராசரி 25 மில்லிமீட்டர் அளவுதான். அந்த நாட்டின் உழவர் வானத்தைப் பார்ப்பதில்லை, ஆற்றைத்தான் பார்க்கிறார். எகிப்துக்குள் வந்து சேரும் நைல் நீரில் ஏறக்குறைய 85 சதவீதம் எத்தியோப்பிய மேட்டுநிலத்தில் பெய்த மழை. நீல நைலில் எத்தியோப்பியா 2011-இல் பெரும் அணை கட்டத் தொடங்கியபோது எகிப்து ஏன் அப்படித் துடித்தது என்பது இந்த ஒரு எண்ணைத் தெரிந்துகொண்டால் புரிந்துவிடும். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. தன் மண்ணில் பெய்த மழையில் மின்சாரம் எடுக்க ஒரு ஏழை நாட்டுக்கு உரிமை இல்லையா? ஐயாயிரம் ஆண்டுகளாக அந்த ஒரே ஆற்றை நம்பி வாழும் மக்களின் அச்சத்தைப் பொருட்படுத்தாமல் விட்டுவிட முடியுமா? சொந்தமாக மழை இல்லாத நாட்டின் குடிநீர், அயலுறவுத் துறையின் வேலையாகவும் ஆகிவிடுகிறது.

இதில் இன்னொரு வேதனையும் உண்டு. அஸ்வான் பேரணைக்குப் பின்னால் தேங்கும் நாசர் ஏரியிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 1000 கோடி கன மீட்டர் அளவுக்கு நீர் வெயிலில் ஆவியாகிவிடுகிறது. வறண்ட நிலத்தில் மழை குறைவு என்பது பாதிக் கதைதான். பெய்ததையும் தேக்கியதையும் வெயில் உறிஞ்சிக்கொள்வது மறுபாதி. பல பாலைவனங்களில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆண்டுக்கு இரண்டு மீட்டருக்கும் மேல் ஆவியாகும். அதனால்தான் அனுபவப்பட்ட பழைய நகரங்கள் நீரை வெயிலின் கண்ணில் படாமல் நடத்திச் சென்றன.

ஈரானின் நடுவிலுள்ள யஸ்த் நகரத்தைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குப் போதாது. ஆண்டுக்கு 50, 60 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊர். மலையடிவாரத்தில் நிலத்தடி நீர் இருக்கும் ஆழம் வரை ஒரு தாய்க்கிணறு தோண்டுவார்கள். அங்கிருந்து ஊரை நோக்கி, மிக மெல்லிய சரிவில், நிலத்துக்கடியிலேயே ஒரு சுரங்கக் கால்வாய் வெட்டுவார்கள். இதுதான் கனாத். வழியில் ஆங்காங்கே செங்குத்துக் கிணறுகள் இருக்கும். தோண்டிய மண்ணை மேலே எடுக்கவும், உள்ளே இருப்பவருக்குக் காற்று போகவும், பின்னாளில் தூர் வாரவும் அவை பயன்படும். பம்பு இல்லை, எரிபொருள் இல்லை, புவியீர்ப்பு ஒன்றே போதும். சரிவு சற்றுக் கூடினால் நீர் சுரங்கத் தரையை அரித்துவிடும். குறைந்தால் வண்டல் படிந்து அடைபடும். இருட்டில், விளக்கு வெளிச்சத்தில், பல தலைமுறையாக இந்தச் சரிவைக் கணித்து வெட்டியவர்கள் முகன்னி என்னும் கைவினைஞர்கள். யஸ்த் பக்கத்திலுள்ள சார்ச் கனாத் 70 கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது. ஓமனில் ஃபலஜ், மொராக்கோவில் கத்தாரா, துர்பானில் கரேஸ் என்று இதே கலை வெவ்வேறு பெயர்களில் பரவியிருக்கிறது.

கனாத்தில் எனக்கு மிகப் பிடித்தது அதன் அடக்கம். நிலத்தடி நீர்மட்டம் சுரங்கத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் அதால் ஒரு துளிகூட எடுக்க முடியாது. மழை குறைந்த ஆண்டுகளில் ஓட்டமும் குறையும். ஊர் தன் பங்கைச் சுருக்கிக்கொள்ளும். அடியில் சிறு துளையிட்ட ஒரு கிண்ணத்தை நீரில் மிதக்கவிட்டு, அது நிறைந்து மூழ்கும் நேரத்தை ஓர் அளவாக வைத்து, வயல்களுக்குப் பங்கு பிரித்தார்கள். ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் வந்தபோது அந்தக் கட்டுப்பாடு உடைந்தது. யார் ஆழமாகத் துளைக்கிறாரோ அவருக்கே நீர் என்று ஆனது. நீர்மட்டம் இறங்கியதும் பல கனாத்துகள் வாய் வறண்டு போயின. பழைய நகரம் 2017-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. கனாத்துகள் அதற்கு முந்தைய ஆண்டே அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டன. ஆனால் இன்றைய யஸ்த் குடிக்கும் நீரில் பெரும்பங்கு இஸ்ஃபஹான் பக்கத்திலிருந்து குழாய்வழி வருகிறது. 2013-இல், தங்கள் வயல் காயும்போது நீர் வேறு ஊருக்குப் போவதைப் பொறுக்க முடியாத இஸ்ஃபஹான் பகுதி உழவர்கள் அந்தக் குழாய்த் திட்டத்தின் நீரேற்று அமைப்பை உடைத்தார்கள். தன் காலடி நீரில் அளவோடு வாழ்ந்த ஒரு நகரம், பக்கத்து ஆற்றுக்காரர்களின் பகையைத் தேடிக்கொண்டுவிட்டது. இதை வளர்ச்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அங்கே வீடுகளும் வானத்தைப் புரிந்துகொண்டு கட்டப்பட்டவை. மண் சுவர் அவ்வளவு தடிமன். பகல் வெப்பம் உள்ளே வந்து சேர்வதற்குள் இரவாகிவிடும். கூரைமேல் நிற்கும் காற்றுக் கோபுரங்கள் மேலே வீசும் காற்றைப் பிடித்துக் கீழறைக்கு இறக்கும். காற்றே இல்லாத நேரத்தில், வெயிலில் சூடான கோபுரம் அறையின் வெப்பக் காற்றை மேலே இழுத்து வெளியேற்றும். தௌலத்தாபாத் தோட்டத்திலுள்ள கோபுரம் 33 மீட்டர் உயரம். இறங்கும் காற்று கீழே ஒரு நீர்த்தொட்டியைத் தடவிக்கொண்டு போனால் இன்னும் குளிரும்.

நீரைத் தடவிய காற்று குளிரும் என்பது வறண்ட நாட்டின் பெரிய வரம். வியர்வை விஷயமும் அப்படித்தான். வெப்பம் 45 பாகை செல்சியஸாகவும் காற்றின் ஈரப்பதம் 10 சதவீதமாகவும் இருந்தால், ஈரத்துணி சுற்றிய வெப்பமானி ஏறக்குறைய 21 பாகையைக் காட்டும். ஆவியாதல் மட்டும் அவ்வளவு தூரம் குளிரவைக்கும் என்று அதற்குப் பொருள். வெப்பம் 35 பாகையாக இருந்து ஈரப்பதம் 75 சதவீதமானால் அதே வெப்பமானி 31-க்குக் கீழே இறங்காது. ஈரக்காற்றுள்ள கடலோரத்தில் 35 பாகையே மூச்சுமுட்டும். பாலைவனத்தில் 40 பாகையிலும் நிழலில் உட்கார்ந்தால் தாங்கிக்கொள்ளலாம். வைக்கோல் தட்டியில் நீர் வடியவிடும் எளிய குளிர்விப்பான் வறண்ட ஊரில் பிரமாதமாக வேலை செய்வதும், கடலோரத்தில் வெறும் புழுக்கத்தைக் கூட்டுவதும் இதனால்தான்.

ஆனால் இந்த வரத்துக்குள் ஆபத்தும் இருக்கிறது. வறண்ட காற்றில் வியர்வை தோலில் தங்குவதே இல்லை. சுரந்த உடனே மறைந்துவிடுகிறது. உடல் நனையவில்லை என்பதால் நீர் போவதும் தெரிவதில்லை. வெயிலில் உழைப்பவர் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் இழக்கலாம்; தாகம் அதற்கு வெகு பின்னால்தான் வந்து சேரும். தாகம் எடுத்தால் குடிக்கலாம் என்ற பழக்கத்தோடு வறண்ட நாட்டுக்குப் போகிறவர்களுக்குத் தலைவலியும் மயக்கமும் சொல்லாமல் வரும். நீரோடு உப்பும் போய்விடுவதால் வெறும் நீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பதும் கூடாது. உதடு வெடிப்பது, மூக்கின் உட்புறம் காய்ந்து ரத்தம் கசிவது, கதவுப்பிடியைத் தொட்டால் சுரீர் என்று மின்னோட்டம் பாய்வது, மரச்சாமான்கள் நள்ளிரவில் படீர் என்று விரிசல் விடுவது எல்லாம் அங்கே அன்றாடம். துவைத்த துணி ஒரு கொடியை நிரப்பி முடிப்பதற்குள் முதலில் போட்டது காய்ந்திருக்கும். மேகமும் ஈரமும் இல்லாத வானம் பகல் வெப்பத்தைப் பிடித்துவைப்பதில்லை. சூரியன் போனதும் குளிர் வந்து அமர்ந்துவிடும். வறண்ட நாட்டு இரவுகளின் தெளிவையும் நட்சத்திரங்களின் நெருக்கத்தையும் ஒருமுறை பழகிவிட்டால் வேறெந்த வானமும் மங்கலாகத்தான் தெரியும். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

சராசரி என்ற சொல்லை நம்பி வறண்ட ஊரைப் புரிந்துகொள்ளப் பார்ப்பது பெரும் தவறு. மழை மிகுந்த ஊரில் சராசரிக்கு அருகேதான் பெரும்பாலான ஆண்டுகள் இருக்கும். வறண்ட ஊரில் சராசரியைப் போல ஓர் ஆண்டு வருவதே அபூர்வம். பல ஆண்டுகள் சுழியம், பிறகு ஒரே நாளில் எல்லாம். மழை பெய்யாமலும் கெடுக்கும், பெய்தும் கெடுக்கும் என்று நம் முன்னோர் சொன்னதற்கு இதைவிடக் கொடிய சாட்சி இருக்க முடியாது. ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே காணும் சிலியின் அந்தோஃபகஸ்தா நகரில் 1991 ஜூனில் சில மணி நேரத்தில் 40 மில்லிமீட்டர் அளவுக்குப் பெய்தது. வேறு ஊர்களில் அது ஒரு சாதாரண மாலை மழை. அங்கே மலைச்சரிவிலிருந்து சேறு பெருக்கெடுத்து 90-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. ஆண்டுக்கு 100 மில்லிமீட்டர் அளவே காணும் லேயில் 2010 ஆகஸ்ட் மாத மேகவெடிப்பு இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. 2024 ஏப்ரல் 16 அன்று, ஓராண்டில் பெய்வதைவிட அதிகமான மழை துபாயில் ஒரே நாளில் கொட்டி விமான நிலையத்தையே நீரில் நிறுத்தியது. அஸ்வானில் 2021 நவம்பரில் பெய்த கனமழை தேள்களை வளைகளிலிருந்து விரட்டி வீடுகளுக்குள் அனுப்பியது. நூற்றுக்கணக்கானவர்கள் கொட்டுப்பட்டு மருத்துவமனைக்கு ஓடினார்கள்.

காய்ந்து இறுகிய மண் நீரை உள்ளே விடாது. தடுத்து நிறுத்தச் செடிகொடி கிடையாது. எப்போதும் காய்ந்து கிடக்கும் ஓடையில் வீடு கட்டினால் என்ன என்று நினைத்தவர்கள்தான் முதலில் அடித்துச் செல்லப்படுகிறார்கள். வறண்ட நாட்டில் வீடு பார்க்கிறவர்களிடம் நான் ஒன்றை வற்புறுத்திச் சொல்வேன்: தெருவின் அழகைப் பார்ப்பதற்கு முன்னால், கடைசியாக வெள்ளம் வந்தபோது நீர் எந்த வழியாகப் போனது என்று அந்த ஊர் முதியவர்களிடம் கேளுங்கள்.

வேறு காலத்து மழையைக் குடிக்கும் நகரங்களும் இருக்கின்றன. லிபியா தன் தெற்குப் பாலைவனத்தின் அடியிலிருந்து நீரை எடுத்துப் பெருங்குழாய்களில் திரிப்போலிக்கும் பெங்காசிக்கும் அனுப்புகிறது. சகாரா பசுமையாக இருந்த பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் பெய்த மழை அது. திரும்ப நிரம்பாது. சவூதி அரேபியா அப்படிப்பட்ட பழைய நீரை இறைத்துப் பாலைவனத்தில் கோதுமை விளைவித்து, ஏற்றுமதிகூடச் செய்தது. பிறகு ஓரளவு மீண்டும் அனுமதித்தாலும், 2008-இல் அதைக் குறைக்க முடிவெடுத்து, 2016 அளவில் நிறுத்திக்கொண்டது. அந்த முடிவை நான் மதிக்கிறேன். தவறான பாதையில் வெகுதூரம் வந்த பிறகு நிற்பதற்கும் ஒரு துணிவு வேண்டும். ஆனால் இறைத்துத் தீர்த்த நீர் இனி யாருக்கும் இல்லை.

நம்பிக்கை தரும் ஊர்கள் நான் எதிர்பார்க்காத இடங்களில் இருந்தன. அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் என்றதும் நினைவுக்கு வருவது நீரூற்றுகளும் வீண் ஆடம்பரமும். ஆண்டுக்கு ஏறக்குறைய 100 மில்லிமீட்டர் மழை. 2020-இல் தொடர்ந்து 240 நாட்கள் அளவிடத்தக்க மழையே இல்லை. தன் நீரில் பத்தில் ஒன்பது பங்கை அது கொலராடோ ஆற்றின் மீட் ஏரியிலிருந்து எடுக்கிறது. ஆனால் வீட்டுக்குள் பயன்படுத்தும் நீர் அநேகமாக முழுவதும் சுத்திகரிக்கப்பட்டு அதே ஏரிக்கே திரும்புகிறது. திரும்பாதது வெளியே தெளிக்கும் நீர்தான். அதனால் 2021-இல் அந்த நகரம் இருக்கும் நெவாடா மாநிலம் ஒரு சட்டம் போட்டது: யாரும் நடக்காத, விளையாடாத, வெறும் அலங்காரப் புல்தரைகளுக்குக் கொலராடோ நீரைப் பாய்ச்சுவது 2026 இறுதியோடு முடிய வேண்டும். ஆற்றின் மொத்தக் கணக்கோ இன்னும் சிக்கலில் இருக்கிறது. 1922-இல் மாநிலங்கள் ஒப்பந்தம் போட்டுப் பங்கு பிரித்தபோது, வழக்கத்தைவிட ஈரமான ஆண்டுகளின் ஓட்டத்தையே ஆற்றின் இயல்பு என்று எடுத்துக்கொண்டார்கள். இல்லாத நீரைப் பங்கு போட்ட அந்தக் கணக்கு, மீட் ஏரி முதன்முதலில் நிரப்பப்பட்ட காலத்துக்குப் பிறகு மிகத் தாழ்ந்த மட்டத்துக்கு 2022-இல் இறங்கியபோது வெட்டவெளிச்சமானது.

நமீபியாவின் வின்ட்ஹூக் இன்னும் ஒரு படி மேலே போனது. 1968 முதல் அந்த நகரம் தன் கழிவுநீரைச் சுத்திகரித்து நேரடியாகக் குடிநீர்க் குழாயில் சேர்க்கிறது. உலகிலேயே அதைத் தொடங்கிய முதல் நகரம் அதுதான். அருவருப்பு என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எந்த ஆற்று நீரும் மேலே இருக்கும் ஊரின் கழிவைத் தாங்கித்தான் கீழே வருகிறது. வின்ட்ஹூக் அதை மறைக்காமல், ஒவ்வொரு கட்டத்திலும் சோதித்துச் செய்கிறது. அந்த நேர்மைக்குத் தலை வணங்குகிறேன்.

பெருவின் தலைநகர் லிமாவில் ஒரு கோடிப் பேர் வாழ்கிறார்கள். மழை ஆண்டுக்குப் பத்து மில்லிமீட்டர் அளவு. மாதக்கணக்கில் சாம்பல் நிற மூட்டம் தலைக்கு மேலே நிற்கும், தூறல் முகத்தை ஈரமாக்கும், தரை நனையாது. மேட்டுக் குடியிருப்புகள் பலவற்றில் குழாய் கிடையாது. லாரி நீரை வாங்குகிறார்கள். குழாய் உள்ள வசதியான வீடுகள் கொடுப்பதைவிட லிட்டருக்குப் பல மடங்கு விலை. இந்த அநியாயம் வறண்ட நகரங்கள் பலவற்றில் உண்டு. அந்த மேடுகளில் சிலர் பெரிய வலைகளைக் கட்டி மூடுபனியிலிருந்து துளித்துளியாக நீர் பிடித்துச் செடிகளை வளர்க்கிறார்கள்.

லிமாவின் ஆறுகள் பிறக்கும் ஆண்டிஸ் உயரத்தில், இன்காக்களுக்கும் முந்தைய காலத்திலிருந்து அமுனா எனப்படும் கல் கால்வாய்கள் இருக்கின்றன. மழைக்காலத்தில் ஓடைநீரைத் திருப்பி மலைச்சரிவில் ஊறவிட்டால், அது பாறையிடுக்கு வழியே மெல்ல நகர்ந்து, வாரங்கள், மாதங்கள் கழித்து, வறட்சியான பருவத்தில் கீழே ஊற்றாக வெளிவரும். பல அமுனாக்கள் கைவிடப்பட்டுச் சிதைந்து கிடந்தன. இப்போது மலைக் கிராமத்தார் அவற்றைச் சீர்செய்து வருகிறார்கள். 2015-இல் லிமா நகரத்தாரின் குடிநீர்க் கட்டணத்தில் ஒரு சதவீதத்தை, நீர் பிறக்கும் அந்த மலைநிலத்தைப் பேணுவதற்கென்று ஒதுக்கத் தொடங்கினார்கள். பணம் சேர்ந்த வேகத்துக்கு வேலைகள் நடக்கவில்லை. ஒரு சதவீதம் போதவும் போதாது. கைவிடப்பட்டவற்றில் இன்னும் எத்தனையோ கால்வாய்கள் கல் சரிந்து காத்திருக்கின்றன. அவற்றைச் செப்பனிடும் வேலைக்கு அந்தப் பணம் முதலில் போய்ச் சேர வேண்டும்.